மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் ஆவது எப்படி: எம்.எஸ்ஸி. முதல் ஆர்.எஸ்.ஓ. கையெழுத்து வரை

'தினம் 2 கிரே, 25 நாள்' என்று கேன்சர் மருத்துவர் சீட்டில் எழுதிவிடுவார். கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு, அதாவது டோஸ். மேஜையில் படுத்திருக்கும் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது உண்மையிலேயே 2 கிரேதானா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட். சுவருக்கு அந்தப் பக்கம் பில் போடும் ஊழியருக்குக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு (உடலுக்கான கதிர்வீச்சுப் பாதிப்பை அளக்கும் அலகு) மேல் போகாது என்று கையெழுத்துப் போடுபவர் ரேடியாலஜிக்கல் சேஃப்டி ஆபீசர், சுருக்கமாக ஆர்.எஸ்.ஓ. நம் ஊர் ரேடியோதெரபி துறைகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள். இந்தியாவில் அந்த இடத்துக்குப் போகும் வழியையும், போனபின் எங்கெங்கே கால் இடறும் என்பதையும் இங்கே சொல்கிறோம்.

படிப்பு

அடித்தளம் பி.எஸ்ஸி. இயற்பியல். இதில் குறுக்கு வழி இல்லை. ரேடியோகிராபி, ரேடியோதெரபி டெக்னாலஜி பட்டங்கள் நல்ல வேலை தரும், ஆனால் அவை டெக்னாலஜிஸ்ட் பாதை. அங்கிருந்து ஃபிசிசிஸ்ட் ஆக முடியும் என்று யாராவது சொன்னால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏ.இ.ஆர்.பி.) தகுதி விதியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பி.எஸ்ஸி.க்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோ, அதாவது டிப்.ஆர்.பி. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். இன்னொன்று, நேரடியாக இரண்டாண்டு எம்.எஸ்ஸி. மெடிக்கல் ஃபிசிக்ஸ். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது இருக்கிறது. பணம் கட்டும் முன் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள்: அந்தப் படிப்பு ஏ.இ.ஆர்.பி. ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா, கல்லூரிக்கு லினாக் (சிகிச்சைக்கான எக்ஸ்ரே கற்றையைத் தரும் இயந்திரம்) உள்ள மருத்துவமனையுடன் தொடர்பு உண்டா. இரண்டாவது இல்லையென்றால் இரண்டு வருடமும் கரும்பலகையில்தான் லினாக்கைப் பார்ப்பீர்கள்.

எம்.எஸ்ஸி. வழியில் வந்தவர்கள் வசதியுள்ள ரேடியோதெரபி துறையில் 12 மாத இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். ஆர்.எஸ்.ஓ. ஆவதற்கு அதன்பின் தனியாகச் சான்றுத் தேர்வு. பட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு மட்டும் ஆர்.எஸ்.ஓ. நாற்காலியில் உட்கார முடியாது. மருத்துவமனை உங்கள் பெயரை ஏ.இ.ஆர்.பி.யின் ஈ-லோரா தளத்தில் முன்மொழிய வேண்டும், வாரியம் ஒப்புதல் தர வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பில் என்ன கற்பது

சிகிச்சைக் கதிரின் திசையையும் அளவையும் திட்டமிடும் பிளானிங் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத்தான் எல்லோருக்கும் ஆசை. வண்ணக் கோடுகள் அழகாக இருக்கும், அதில் நேரம் போவதே தெரியாது. எங்கள் யோசனை வேறு: முதல் ஆறு மாதம் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிளானிங் சாப்ட்வேர் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், சேம்பரும் (கதிர் பட்டால் மின்னூட்டம் தரும் சிறு காற்றறை) எலக்ட்ரோமீட்டரும் (அந்த மின்னூட்டத்தை அளக்கும் கருவி) தண்ணீர்த் தொட்டியும் எங்கேயும் ஒன்றுதான். நேர்காணலில் 'அவுட்புட் (லினாக் உண்மையில் தரும் டோஸ்) எப்படி எடுப்பீர்கள்' என்று கேட்டால் தடுமாறும் இளைஞர்கள் அதிகம்.

லினாக்கின் முழு அவுட்புட் அளவீட்டைக் குறைந்தது பத்து முறையாவது உங்கள் கையால் செய்துவிட்டு வெளியே வாருங்கள். சர்வதேச அணுசக்தி முகமையின் (ஐ.ஏ.இ.ஏ.) டி.ஆர்.எஸ்.-398 கையேட்டு முறைப்படி 6 எம்.வி. (மெகாவோல்ட்) ஃபோட்டான், அதாவது எக்ஸ்ரே, கற்றைக்கு அது இப்படிப் போகும்.

முந்தின நாள் மாலையே 30 செ.மீ. பக்கமுள்ள தொட்டியில் தண்ணீர் நிரப்பி, லினாக் அறையிலேயே வைத்துவிடுங்கள். காலையில் குழாயிலிருந்து பிடித்த தண்ணீருக்கும் ஏ.சி. அறைக் காற்றுக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். சேம்பருக்குள் இருக்கும் காற்று தண்ணீரின் வெப்பநிலைக்கு வரும், அதனால் தெர்மாமீட்டர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மேஜைமேல் அல்ல.

0.6 சி.சி. ஃபார்மர் சேம்பரின் அச்சு 10 செ.மீ. ஆழத்தில். கதிர்மூலத்திலிருந்து நீர்மட்டம் வரை உள்ள தூரமான எஸ்.எஸ்.டி. 100 செ.மீ., ஃபீல்டு (கற்றை விழும் பரப்பு) 10×10 செ.மீ. எலக்ட்ரோமீட்டரை அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். முதலில் சில நூறு எம்.யூ. (மானிட்டர் யூனிட், லினாக் தரும் கதிரை எண்ணும் அலகு) வெறுமனே கொடுத்து சேம்பரைப் பழக்குங்கள், அந்த ரீடிங்குகள் கணக்கில் வராது. பிறகு 100 எம்.யூ. வீதம் ஐந்து ரீடிங். அடுத்து மின்னழுத்தத்தின் குறியை மாற்றி ஒரு தொகுப்பு, அழுத்தத்தைக் குறைத்து ஒரு தொகுப்பு. போலாரிட்டித் திருத்தமும் அயனி மறுசேர்க்கைத் திருத்தமும் இவற்றிலிருந்து வரும். ஒவ்வொரு முறை வோல்டேஜ் மாற்றியதும் சில நிமிடம் பொறுங்கள். பொறுமையில்லாமல் எடுத்த முதல் ரீடிங்தான் பெரும்பாலும் கணக்கைக் கெடுப்பது.

சராசரி ரீடிங்கை எல்லாத் திருத்தங்களாலும், சேம்பரின் கேலிபிரேஷன் (அளவுத்திருத்த) எண்ணாலும், கற்றைத் தரத்துக்கான எண்ணாலும் பெருக்கினால் 10 செ.மீ. ஆழத்து டோஸ் கிடைக்கும். அதை அந்த ஆழத்தின் சதவீத ஆழ டோஸால் (உச்ச டோஸில் அங்கே சேரும் பங்கு, 6 எம்.வி.க்குச் சுமார் 67 விழுக்காடு) வகுத்தால் 1.5 செ.மீ. ஆழத்து உச்ச டோஸ். 100 எம்.யூ.வுக்கு அங்கே 100 சென்டிகிரே வர வேண்டும்.

காற்றழுத்தம் என்ற கண்ணி

சேம்பர் மூடி அடைத்ததல்ல, வெளிக்காற்று உள்ளே வந்து போகும். உள்ளே காற்று குறைந்தால் ரீடிங்கும் குறையும். அதற்குத்தான் வெப்ப-அழுத்தத் திருத்தம்: (273.2 + வெப்பநிலை) ÷ 293.2, அதை 1013.25 ÷ அழுத்தம் என்பதால் பெருக்க வேண்டும். 22 டிகிரி, 1008 ஹெக்டோபாஸ்கல் என்றால் 1.012. சென்னையில் இந்த எண் ஒன்றை ஒட்டியே நிற்பதால் இதன் வலிமை யாருக்கும் உறைப்பதில்லை.

அதே ஆள் கோவைக்கு வேலை மாறுகிறார் என்று வையுங்கள். அறையில் பாரோமீட்டர் பழுது. போனில் வானிலைச் செயலியைத் திறந்தால் 1010 என்று காட்டுகிறது. அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே உண்மையான அழுத்தம் 965 பக்கத்தில். 1010 என்று போட்டுக் கணக்கிட்டால் லினாக் சுமார் 4.5 விழுக்காடு குறைவாகக் கொடுப்பதுபோலத் தெரியும். ஆசாமி அவுட்புட்டை ஏற்றிவிடுவார். மறுநாளிலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த அளவு கூடுதல் டோஸ். இயந்திரத்தில் எந்த விளக்கும் எரியாது.

எனவே அந்த இடத்தின் உண்மையான அழுத்தத்தைக் காட்டும் கேலிபிரேட் செய்த பாரோமீட்டர், அதைச் சரிபார்க்க இன்னொன்று. அவுட்புட் ஒரே நாளில் 2 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்தால் லினாக்கைத் தொடும் முன் பாரோமீட்டர், தெர்மாமீட்டர், எஸ்.எஸ்.டி., ஃபீல்டு அளவு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகியுங்கள். லினாக் கடைசிக் குற்றவாளி. சேம்பர் சான்றிதழில் அடிப்படை வெப்பநிலை எது என்றும் பாருங்கள். 20 டிகிரிக்குப் பதில் 22 என்று அச்சிட்டிருந்தால், கவனிக்காமல் விடுவதில் 0.7 விழுக்காடு போய்விடும்.

தினசரி வேலை

முதல் நோயாளி வருமுன் லினாக் சூடேற்றம், லேசர் கோடுகள் 2 மில்லிமீட்டருக்குள், தூரம் காட்டும் விளக்கு 2 மில்லிமீட்டருக்குள், அவுட்புட் 3 விழுக்காட்டுக்குள். கதவைத் திறந்தால் பீம் நிற்கிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்பதும் இதிலேயே அடங்கும். இருபது நிமிட வேலை. வேலைப் பளுவில் முதலில் பலியாவது கதவு சோதனைதான். 'நேற்று வேலை செய்ததே' என்பார்கள்.

பிளானை கம்ப்யூட்டர் போட்டாலும் எம்.யூ.வைக் கையால் ஒரு முறை கணக்கிடுங்கள். 10×10 ஃபீல்டு, எஸ்.எஸ்.டி. 100, 10 செ.மீ. ஆழத்தில் 200 சென்டிகிரே வேண்டும் என்றால் 200 ÷ 0.67, சுமார் 299 எம்.யூ. கம்ப்யூட்டர் 290 என்றால் சரி, 240 என்றால் நிறுத்துங்கள். பனாமா நாட்டில் 2000-01இல் பிளானிங் கணினியில் ஷீல்டிங் பிளாக்குகளின் (கதிரைத் தடுக்கும் கட்டிகள்) விவரத்தைப் புது மாதிரி உள்ளிட்டபோது கணினி தவறான சிகிச்சை நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது. 28 நோயாளிகளுக்கு அதிக டோஸ் போனது, சிலர் இறந்தார்கள். கையால் ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால் முதல் நோயாளியிலேயே சிக்கியிருக்கும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு குழப்பம்: லினாக்கை எந்த நிலையில் கேலிபிரேட் செய்திருக்கிறீர்கள்? எஸ்.எஸ்.டி. 100 வைத்து 1.5 செ.மீ. ஆழத்திலா, ஐசோசென்டர் (இயந்திரம் சுழலும் மையப்புள்ளி) 1.5 செ.மீ. ஆழத்தில் விழும்படியா? இரண்டுக்கும் இடையே தூர விதியால் 3 விழுக்காடு வித்தியாசம். லினாக்கில் ஒன்றும் பிளானிங் கணினியில் மற்றதுமாக இருந்தால் யார் தலையிலாவது விடியும். எஸ்.எஸ்.டி. 100க்குப் பதில் 98இல் நோயாளியைப் படுக்க வைத்தால் உச்ச டோஸ் 4 விழுக்காடு கூடும் என்பதையும் டெக்னாலஜிஸ்டுகளிடம் எண்ணோடு சொல்லி வையுங்கள். 'கவனமா செட் பண்ணுங்க' என்பதைவிட அது வேலை செய்யும்.

ஐ.எம்.ஆர்.டி. (கற்றையின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றித் தரும் சிகிச்சை) பிளான்களுக்கு நோயாளிவாரியாகச் சோதனை. காமா கணக்கில் (அளந்த டோஸைப் பிளானோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுவது) டோஸில் 3 விழுக்காடு / இடத்தில் 2 மில்லிமீட்டர் வைத்து 95 விழுக்காடு புள்ளிகள் தேற வேண்டும், 90க்குக் கீழே போனால் பிளானை அப்படியே விடக்கூடாது. தேறவில்லை என்றதும் அளவை 3 / 3 ஆக்கி ரிப்போர்ட் எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குப் பெயர் சோதனை இல்லை.

சுவர் கணக்கு

புது லினாக் வாங்கும் மருத்துவமனை முதலில் தேடுவது கட்டடப் பொறியாளரை. அவர் தேடுவது உங்களை. கற்றை நேரே படும் சுவருக்கு ஒரு கணக்கு: கதிர்மூலத்திலிருந்து 1 மீட்டரில் வாரத்துக்கு 500 கிரே, அந்தத் திசையில் கற்றை இருக்கும் பங்கு கால், சுவருக்கு அப்பால் எந்நேரமும் ஆள், மூலத்திலிருந்து 6 மீட்டர். பொதுமக்கள் வரம்பான ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டை வாரத்துக்கு 0.02 என்று எடுத்தால் சுவர் கற்றையை 5.76 × 10⁻⁶ பங்காகக் குறைக்க வேண்டும். அதாவது பத்தில் ஒன்றாகக் குறைக்கும் அடுக்குகள் 5.24. சாதாரணக் காங்கிரீட்டில் 6 எம்.வி.க்கு முதல் அடுக்கு 37 செ.மீ., அடுத்தவை ஒவ்வொன்றும் 33: மொத்தம் 177 செ.மீ. அதே இடத்தில் 15 எம்.வி. வைத்தால் 44, பிறகு 41 வீதம், 218 செ.மீ. 'இப்போதைக்கு 6 போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நிர்வாகம் சொன்னால் இந்த 41 செ.மீ. வித்தியாசத்தைக் காட்டுங்கள். கட்டிய பங்கரை, அதாவது லினாக் அறைச் சுவரை, தடிமனாக்குவது என்ன செலவு என்று பொறியாளரே சொல்லிவிடுவார். 10 எம்.வி.க்கு மேலே போனால் நியூட்ரானும் வரும், கதவுக்கு போரான் கலந்த பாலித்தீன் வேண்டியிருக்கும்.

கணக்கு சரியாக இருந்தும் சுவரில் கதிர் ஒழுகும். காரணங்கள் கட்டடத்தில்: காங்கிரீட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.35 கிராம் இல்லை, இரண்டு நாள் இடைவெளிவிட்டு ஊற்றியதில் இணைப்பு விழுந்துவிட்டது, கேபிள் குழாயைச் சாய்க்காமல் நேரே விட்டுவிட்டார்கள், லேசர் பதிக்க முதன்மைச் சுவரிலேயே குடைந்துவிட்டார்கள். கியூப் சோதனை (காங்கிரீட் கட்டியின் வலிமைச் சோதனை) ரிசல்ட்டோடு அடர்த்தியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காங்கிரீட் ஊற்றும் நாளில் லீவு எடுக்காதீர்கள்.

ஏ.இ.ஆர்.பி. ஒப்புதல்களும் படிப்படியானவை: இடமும் வரைபடமும், பிறகு இயந்திரம் வாங்க அனுமதி, நிறுவியபின் கமிஷனிங் (அளந்து பார்த்துப் பயன்பாட்டுக்குத் தயாராக்குவது), கடைசியில் இயக்க உரிமம். வரைபட ஒப்புதல் வருமுன் அடித்தளம் தோண்டிய இடங்கள் பின்னால் சுவரை இடித்ததுண்டு.

ஆர்.எஸ்.ஓ. மேஜை

ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது என்பது இந்திய வரம்பு. சர்வதேசப் பரிந்துரை ஓராண்டில் 50 வரை விடுகிறது, நம்முடையது அதைவிட இறுக்கம். கர்ப்பம் என்று தெரிவித்த பெண் ஊழியருக்கு மீதமுள்ள காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்.

இதை அளப்பது டி.எல்.டி. பேட்ஜ், ஊழியர் வாங்கிய டோஸைப் பதிந்துவைக்கும் பட்டை. உள்ளே அலுமினிய அட்டையில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று. ஒன்று உலோக வடிகட்டியின் கீழே, ஒன்று பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கின் கீழே, ஒன்று வெறும் ஜன்னலில். மூன்றும் காட்டும் விகிதத்திலிருந்துதான் எந்த வகைக் கதிர் பட்டது என்று தெரியும். அட்டையைத் தலைகீழாகச் செருகினால் அந்த விகிதம் குழம்பிப்போகும். மார்பு மட்டத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். கன்ட்ரோல் பேட்ஜ் (ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைப்பது) கதிர்வீச்சு இல்லாத அறையில் இருக்க வேண்டும், எக்ஸ்ரே அறை டிராயரில் அல்ல.

அதிக டோஸ் என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். அந்த பேட்ஜ் அணிந்த மூன்று மாதத்தில் ஆள் எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்று முதலில் உட்கார்ந்து கேளுங்கள். ஏப்ரனோடு பேட்ஜும் கேத் லேப் (இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்க்கும் அறை) ஸ்டாண்டில் தொங்கியதா, சட்டையோடு லினாக் அறையில் விட்டாரா? பேட்ஜுக்கு மட்டும் பட்டதா, ஆளுக்கும் பட்டதா என்பதுதான் கேள்வி. சந்தேகம் தீரவில்லையென்றால் ரத்தத்தில் குரோமோசோம் மாற்றம் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஊழியரை மிரட்டிக் கேட்டால் அடுத்த காலாண்டிலிருந்து எல்லாப் பேட்ஜும் டிராயரில் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும், எல்லா ரிப்போர்ட்டும் பூஜ்யம் காட்டும்.

சர்வே மீட்டர் (சுற்றியுள்ள கதிர்வீச்சை அளக்கும் கைக்கருவி) விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லினாக் கற்றை துடிப்புத் துடிப்பாக வரும். ஜி.எம். (கைகர்-முல்லர்) குழாய் ஒரு துடிப்புக்கு ஒன்று என்றுதான் எண்ணும், அந்தத் துடிப்பில் எத்தனை கதிர் வந்தாலும் சரி. சுவரைச் சோதிக்க அயனிச் சேம்பர் வகை மீட்டர்தான் எடுக்க வேண்டும். ஜி.எம். காட்டும் குறைந்த எண்ணைப் பார்த்துச் சுவர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். தொலைந்துபோன கதிரியக்க மூலத்தைத் தேடுவதற்கு அதே ஜி.எம். அருமையான கருவி.

பிராக்கிதெரபி அவசரம்: கையால் பழகுங்கள்

பிராக்கிதெரபி என்பது கதிரியக்க மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துத் தரும் சிகிச்சை. அதற்கான இரிடியம்-192 மூலம் புதிதாக 10 கியூரி (கதிரியக்கத்தின் அலகு), அரை ஆயுள் 74 நாள். ஒரு மீட்டரில் மணிக்குச் சுமார் 40 மில்லிகிரேதான். ஆனால் நோயாளியின் உடலுக்குள் 1 செ.மீ. தூரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 7 கிரே. மூலம் சிக்கிக்கொண்டால் ஆபத்து முதலில் நோயாளிக்கு, உங்களுக்கு அல்ல. இது மனதில் பதிந்தால் கை நடுங்காது.

கன்சோலில் இன்டரப்ட். திரும்பவில்லையா, எமர்ஜென்சி பட்டன். அதற்கும் வரவில்லையா, சர்வே மீட்டரைக் கையில் பிடித்தபடி உள்ளே போய் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றுங்கள். அதிலும் வரவில்லையென்றால் மருத்துவர் அப்ளிகேட்டரை (மூலம் உள்ளே போகும் குழாய்) அப்படியே முழுதாக உருவி, ஈயப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஸ்டோர் ரூமில் அல்ல. நீண்ட இடுக்கியோடு தையல் வெட்டும் கத்தரியும் அங்கேயே தொங்கட்டும். பல அப்ளிகேட்டர்கள் தையல் போட்டு நிறுத்தியவை, கத்தரி தேடும் நிமிடத்தில் 7 கிரே போய்விடும். நோயாளியை வெளியே கொண்டுவந்து மீட்டரால் உடலை அளந்த பிறகே மூச்சு விடலாம். அறையைப் பூட்டி, பலகை மாட்டி, வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1992 நவம்பரில் மூலம் கம்பியிலிருந்து முறிந்து ஒரு மூதாட்டியின் உடலிலேயே தங்கிவிட்டது. சுவர் மானிட்டர் எச்சரித்தது. கன்சோல் 'பாதுகாப்பு' என்றது. ஊழியர்கள் கன்சோலை நம்பினார்கள், மானிட்டர் பழுது என்று நினைத்தார்கள், கை மீட்டரை எடுக்கவில்லை. அந்தப் பெண் சில நாளில் இறந்தார். பிறகு குப்பையோடு வெளியே போன மூலம்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டு கருவிகள் முரண்பட்டால் மூன்றாவதைக் கையில் எடுங்கள்.

வெளிநாடு

அனுபவச் சான்றிதழை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அமெரிக்காவில் போர்டு தேர்வு எழுத அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் ரெசிடென்சியும் கேட்பார்கள். பிரிட்டனில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் பதிவு. எங்கே போவதென்றாலும் இன்டர்ன்ஷிப் லாக்புக்கைத் தூக்கி எறியாதீர்கள், தேதியும் கையெழுத்தும் உள்ள பக்கங்கள்தான் அங்கே பேசும்.

வேலை மாறும்போது

ராஜினாமா கடிதம் கொடுத்ததும் ஆர்.எஸ்.ஓ. பொறுப்பு தானாகப் போய்விடாது. ஈ-லோராவில் உங்கள் பெயர் நீக்கப்பட்டு அடுத்தவர் பெயர் ஏறும்வரை அங்கே நடப்பதற்கு உங்களைத்தான் கேட்பார்கள். அடுத்த ஆளை நியமிக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஈமெயில் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் பட்டியலில் முதலிடம் மூலங்களின் கணக்கு: எண், அன்றைய கதிரியக்க அளவு, எந்த அறை, எந்தப் பூட்டு. செக் சோர்ஸ் (கருவிகளைச் சரிபார்க்க வைத்திருப்பது) போன்ற சின்ன மூலங்களையும் கண்ணால் பார்த்து டிக் செய்யுங்கள். டில்லி மாயாபுரியில் 2010இல் பழைய இரும்புக் கடைக்குப் போய் ஓர் உயிரைப் பறித்த கோபால்ட்-60, ஒரு பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த கருவியிலிருந்து வந்தது. 'அது ரொம்ப நாளா அங்கதான் சார் இருக்கு' என்று யாராவது சொல்லும் பெட்டியைத்தான் முதலில் திறந்து அளக்க வேண்டும். வாடிப்போன மூலத்தைச் சப்ளையருக்கே திருப்பி அனுப்ப அனுமதி வாங்கும் வேலை பாதியில் இருந்தால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

பிறகு கேலிபிரேஷன் சான்றுகள், பங்கர் வரைபடங்கள், லினாக் கமிஷனிங் தரவு. கமிஷனிங் தரவு உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் அது மருத்துவமனையில் இல்லை என்றே பொருள். கடைசியாக உங்கள் டி.எல்.டி. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆயுள் முழுக்க அதே எண்தான். புது இடத்தில் புதிய ஆள் போலப் பதிந்துவிட்டால் இதுவரை வாங்கிய டோஸ் ஒரு கணக்கிலும் இனி வாங்குவது வேறு கணக்கிலும் கிடக்கும். பேட்ஜை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், அந்தக் காலாண்டு முடிவில் லேபுக்கு அனுப்பச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.